பேட்டரி முதலில் வரும், கடைசியில் போகும்

கரண்ட் கம்பமே பக்கத்தில் இல்லாமல், பேட்டரியை மட்டும் நம்பி ஓடும் சோலார் அமைப்புகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், மாட்டுவது, கழற்றுவது தொடர்பானவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஒரு பேனல், ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், ஒரு 12 வோல்ட் பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். பேட்டரியை முதலில் இணைக்க வேண்டும் என்று கன்ட்ரோலரோடு வந்த தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. பேனலை முதலில் மாட்டினால் அப்படி என்ன ஆகிவிடும்?

பதில்: தாள் சொல்வது சரி. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் எந்த அளவுகோலை வைத்து வேலை செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்வது பேட்டரிதான். தானாக மின்னழுத்தம் கண்டுபிடிக்கும் கன்ட்ரோலர், பேட்டரி முனையில் 12.5 வோல்ட்டைப் பார்த்தால் ‘இது 12 வோல்ட் அமைப்பு’ என்று முடிவுகட்டும். 25 வோல்ட்டைப் பார்த்தால் 24 என்று எடுத்துக்கொள்ளும். ‘12 வோல்ட் பேனல்’ என்று பெயர் வைத்து விற்கும் 36 செல் பேனல், எதனுடனும் இணைக்காமல் வெயிலில் கிடக்கும்போது 21, 22 வோல்ட் காட்டும். பேட்டரி இல்லாத கன்ட்ரோலருக்குள் அது நுழைந்தால் கன்ட்ரோலர் தப்புக்கணக்குப் போட வாய்ப்பு உண்டு. பேனலை பேட்டரியோடு விட்டுவிட்டு இணைத்துச் சார்ஜை அளவாக்கும் எளிய பி.டபிள்யூ.எம். வகைகளில் அந்த 22 வோல்ட் அப்படியே லோடு முனை வரை போய், அங்கே மாட்டியிருக்கும் 12 வோல்ட் பல்பை எரித்துவிடவும் கூடும். பேனலின் உயர் மின்னழுத்தத்தை பேட்டரிக்கு ஏற்ப மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகையில் பேனல் பக்கம் இன்னும் உயரமான மின்னழுத்தம் நிற்கும். உள்ளே வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நல்ல கன்ட்ரோலர் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். ஆனால் உங்களுடையது நல்லதா இல்லையா என்பதைச் சோதித்துப் பார்க்கும் முறை இதுவல்ல.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் லோடு சுவிட்ச், பேனல் ஐசொலேட்டர் (பேனல் ஒயரைத் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டும் ஆஃப். பேட்டரிக்குப் போகும் இரண்டு ஒயரையும் கன்ட்ரோலர் பக்கம் முதலில் முடுக்குங்கள். பேட்டரி பக்கத்தைப் பிறகு மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் உயிருள்ள இரண்டு ஒயர் நுனிகள் உங்கள் கையில் ஆடிக்கொண்டிருக்கும், ஒன்றையொன்று தொட்டால் போதும். பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் ஃப்யூஸ் இருக்கட்டும், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். 30 ஆம்பியர் கன்ட்ரோலர் என்றால் 40 ஆம்பியர் ஃப்யூஸும் 10 சதுர மி.மீ. செம்பு ஒயரும் பொருந்தும். எல்லா முடிச்சும் முடிந்தபின் ஃப்யூஸைக் கடைசியாகச் செருகுங்கள். திரையில் பேட்டரி மின்னழுத்தம் வருகிறதா, 12 என்று சரியாக எடுத்துக்கொண்டதா என்று பார்த்துவிட்டுப் பேனல். அதற்குப் பிறகுதான் லோடு.

கழற்றும்போது இதே பாதையில் பின்னோக்கி: லோடு, பேனல், கடைசியில் பேட்டரி. பேட்டரியில் முதலில் ஃப்யூஸ் வெளியே வர வேண்டும்.

கேள்வி: நல்ல மத்தியான வெயிலில் பேனல் ஒயரின் எம்.சி.4 கனெக்டரை இழுத்துப் பிரித்தேன். நீலமும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம், கருகிய வாசனை. இப்போது அந்தக் கனெக்டரின் வாய் உருகியிருக்கிறது. 40 வோல்ட்தானே, அதற்கா இவ்வளவு?

பதில்: நாற்பது வோல்ட் உங்களுக்கு ஷாக் அடிக்கப் போதாமல் இருக்கலாம், வில் (ஆர்க், காற்றின் வழியே தாவும் மின்பொறி) போடத் தாராளமாகப் போதும். இரண்டு உலோகமும் பிரியும் அந்தக் கணத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விழுகிறது. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் நிற்க மனமில்லாமல் அந்தக் காற்றைச் சூடாக்கி, அதன் வழியே பாய்கிறது. வீட்டு ஏசி மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு தொடுதலிலும் அந்த வில்லுக்கு அணைய ஒரு வாய்ப்பு. டிசிக்கு அந்த மூச்சுவிடும் இடமே கிடையாது. உங்களிடம் இருந்தது ஒரே பேனல், அதனால் கை விலகியதும் அணைந்துவிட்டது. மூன்று பேனல் தொடராக 130, 140 வோல்ட் என்றால் கனெக்டர் முழுவதும் எரியும்வரை நின்றிருக்கும்.

இன்னொன்று: பேனலை ஃப்யூஸ் காப்பாற்றாது. வேலை செய்யும்போது 9.5 ஆம்பியர் தரும் பேனலை முழுதாக ஷார்ட் செய்தாலும் 10 ஆம்பியர் சுமாருக்குத்தான் போகும். 15 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது ஒரு விஷயமே இல்லை. (மூன்றும் அதற்கு மேலும் வரிசைகளை இணையாகக் கட்டும்போது போடும் ஃப்யூஸ் வேறு காரணத்துக்கு: ஒரு வரிசை பழுதானால் மற்றவை எல்லாம் சேர்ந்து அதற்குள் தள்ளும் மின்னோட்டத்தைத் தடுக்க.) பேட்டரி இதற்கு நேரெதிர். அதை ஷார்ட் செய்தால் நூற்றுக்கணக்கில், பெரிய பேட்டரியானால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் கொட்டும்; அங்கே ஃப்யூஸ்தான் தெய்வம். ஒன்றுக்கு அளவு உண்டு, நிறுத்த சுவிட்ச் கிடையாது. மற்றதற்கு அளவே கிடையாது. இந்த இரண்டு குணத்தையும் மனதில் வைத்தால் பாதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எனவே எம்.சி.4-ஐப் பிரிக்கும் முன் ஓட்டத்தை நிறுத்துங்கள். டிசி ஐசொலேட்டர் இருந்தால் அதை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் பேனலின் முழுப் பரப்பையும் ஒளி ஊடுருவாத தடித்த தார்ப்பாயால் மூடுங்கள். மெல்லிய வேட்டித் துணி போதாது. அல்லது இருட்டியபின் செய்யுங்கள். பிறகு கிளாம்ப் மீட்டரை ஒரே ஒயரைச் சுற்றி மாட்டி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். டிசி அளக்கும் கிளாம்ப் வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் மலிவு வகை எப்போதுமே பூஜ்யம் காட்டி உங்களை ஏமாற்றும். அதன்பின் இரு பக்கக் கொக்கிகளையும் அதற்குரிய சாவியால் அமுக்கி, நேராக இழுங்கள்.

உருகிய கனெக்டரை இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். ஜோடி இரண்டும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். வேறு வேறு தயாரிப்புகள் ‘கிளிக்’ என்று சேரும், உள்ளே தொடும் பரப்பு சரியாக அமையாது. ஆறு மாதம் கழித்துச் சூடேறும்.

கேள்வி: வீட்டு போர்டில் போடும் சாதாரண எம்.சி.பி. ஒன்று கையில் இருக்கிறது. பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் அதையே ஐசொலேட்டராக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அது ஏசி பூஜ்யத்தைத் தொடும் கணத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. டிசியில் உள்ளே வில் நின்று, வெளியே ‘ஆஃப்’ என்று காட்டிக்கொண்டே உள்ளுக்குள் எரியும். டிசி எம்.சி.பி. வாங்குங்கள், அதில் எழுதியிருக்கும் டிசி வோல்ட் உங்கள் வரிசையின் உச்ச மின்னழுத்தத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

டிசி எம்.சி.பி. வாங்கிய பிறகும் ஒரு பள்ளம் உண்டு. பல டிசி எம்.சி.பி.களில் முனைகளுக்குப் பக்கத்தில் + , − என்று குறி இருக்கும். உள்ளே இருக்கும் காந்தம் வில்லை ஒரு பக்கமாகத் தள்ளி, தகடுகளுக்குள் சிதறடித்து அணைக்கிறது. ஒயரை மாற்றிக் கொடுத்தால் வில் எதிர்ப்பக்கம் தள்ளப்படும், அங்கே அணைக்க ஒன்றுமில்லை. பேனல் பக்கம் மின்சாரம் ஒரே திசையில் போவதால் குறி பார்த்து மாட்டினால் போதும். பேட்டரி பக்கம் சார்ஜ் ஏறும்போது ஒரு திசை, இறங்கும்போது மறுதிசை. அங்கே + , − குறியே இல்லாத, இரு திசைக்கும் பொருந்தும் வகைதான் போட வேண்டும். இதைக் கவனிக்காமல் மாட்டிய போர்டுகள் ஏராளம்.

கேள்வி: 48 வோல்ட் இன்வெர்ட்டரை பேட்டரியோடு இணைக்கும் ஒவ்வொரு முறையும் ‘டப்’ என்று பெரிய பொறி வருகிறது. இன்வெர்ட்டர் ஆஃபில்தான் இருக்கிறது. ஏதாவது ஷார்ட்டா?

பதில்: ஷார்ட் இல்லை. இன்வெர்ட்டரின் உள்ளே டிசி நுழையும் இடத்தில் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. சுவிட்சை ஆஃப் செய்தாலும் அவை பேட்டரி முனையோடு நேராகவே இணைந்திருக்கும். காலியாகக் கிடக்கும் கெப்பாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட் போலவே நடந்துகொள்ளும். அதனால்தான் பொறி. ஒரு தடவையில் பெரிய சேதம் இல்லை. அடிக்கடி நடந்தால் லக்கின் (ஒயர் நுனியில் அமுக்கும் உலோக வளையம்) முகமும் சுவிட்சின் தொடுமுனையும் குழி விழுந்து, பிறகு அந்த இடமே சூடேறும்.

தீர்வு எளிது. 47 ஓம், 10 வாட் ஒயர்-வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஆஃபில் இருக்க, நெகட்டிவ் ஒயரை முதலில் முடுக்குங்கள். பாசிட்டிவை மாட்டும் முன், பேட்டரி பாசிட்டிவுக்கும் இன்வெர்ட்டர் பாசிட்டிவுக்கும் நடுவே ரெசிஸ்டரை, பிளாஸ்டிக் பிடியுள்ள இடுக்கியால் பிடித்து, ஐந்து நொடி வையுங்கள். ஓட்டம் ஒரு ஆம்பியர் அளவில் தொடங்கிக் குறைந்துகொண்டே போகும். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் இரண்டரை நொடியில் ஏறக்குறைய நிரம்பிவிடும். ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குக் கீழே காட்டியதும், தாமதிக்காமல் பாசிட்டிவ் லக்கை மாட்டுங்கள். பேட்டரி சுவிட்ச் இருக்கிற அமைப்பில் ரெசிஸ்டரையும் ஒரு தள்ளு பொத்தானையும் அந்தச் சுவிட்சுக்குக் குறுக்கே நிரந்தரமாகப் போட்டுவிட்டால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம்: பொத்தானை ஐந்து நொடி அமுக்கு, பிறகு சுவிட்சைத் திருப்பு. ரெசிஸ்டர் கொதிக்கிற அளவு சூடானால் இன்வெர்ட்டர் ஆஃபில் இல்லை என்று அர்த்தம்.

கழற்றிய பிறகு இதே கெப்பாசிட்டர் வேறு விதத்தில் ஆபத்து. பேட்டரி ஒயரை எடுத்தபின்னும் இன்வெர்ட்டர் முனையில் 40 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்; உள்ளே வேறு சில இடங்களில் அதைவிட மிக அதிகம். பத்து நிமிடம் விடுங்கள், முனையில் அளந்து பாருங்கள், இறங்கியபின் தொடுங்கள். மூடியைத் திறக்கும் வேலை உங்களுடையது அல்ல.

கேள்வி: பேட்டரியில் எந்த முனையை முதலில் கழற்ற வேண்டும்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். (முன்பு சொன்ன ரெசிஸ்டர் முறையில் மட்டும் பாசிட்டிவ் கடைசியில்.) காரணம் ஸ்பேனர். பல அமைப்புகளில் நெகட்டிவ் ஏதாவது ஓரிடத்தில் இரும்புச் சட்டத்தோடோ எர்த்தோடோ இணைந்திருக்கும். அப்போது பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனரின் வால் சட்டத்தைத் தொட்டால் முழு ஷார்ட். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் அந்த வட்டம் அறுந்துவிடுகிறது, பாசிட்டிவில் ஸ்பேனர் எங்கே பட்டாலும் கவலையில்லை. எதனோடும் இணையாமல் தனியாக நிற்கும் பேட்டரியில் வரிசை அவ்வளவு முக்கியமில்லை, ஆனால் கைப்பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், ஸ்பேனரின் வாயை மட்டும் விட்டு மற்ற பகுதி முழுக்க இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நான்கு பேட்டரிகளில் ஒன்றில் வேலை செய்யும்போது மற்ற முனைகளின் மேல் ரப்பர் மூடியோ மடித்த ரப்பர் விரிப்போ இருக்கட்டும். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி கழற்றி வையுங்கள். பாசிட்டிவுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே மாட்டிய மோதிரம் பழுக்கக் காய்ந்துவிடும், விரலிலிருந்து உருவ நேரம் இருக்காது.

தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரி என்றால் ஹைட்ரஜனையும் நினைக்க வேண்டும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். சார்ஜ் முடியும் தறுவாயில்தான் அதிகம் வெளிவரும். உள்ளே கொப்புளிக்கும் சத்தம் கேட்கும்போது முனையைத் தொடாதீர்கள். சார்ஜை நிறுத்தி, கதவைத் திறந்து, அரைமணி நேரம் காற்றாடவிட்டுச் செய்யுங்கள். பொறி வரப்போகும் அந்தக் கடைசி இணைப்பு பேட்டரி முனையில் இல்லாமல், பேட்டரிப் பெட்டிக்கு வெளியே இருக்கும் ஃப்யூஸிலோ சுவிட்சிலோ நடக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. ஆசிட் கண்ணில் தெறித்தால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: 1000 வாட் இன்வெர்ட்டரை கன்ட்ரோலரின் லோடு முனையில் மாட்டலாமா? பல்பு படம் போட்ட முனை காலியாகத்தானே இருக்கிறது?

பதில்: கூடாது. அந்த முனை பெரும்பாலும் 10, 20, 30 ஆம்பியருக்குள் அடங்கும். 12 வோல்ட்டில் 1000 வாட் என்றால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 90 ஆம்பியருக்கு மேல் போகும். இன்வெர்ட்டருக்கு பேட்டரியிலிருந்தே தனி ஒயர்: 35 சதுர மி.மீ., நீளம் முடிந்தவரை குறைவு, 125 ஆம்பியர் ஃப்யூஸ்.

கேள்வி: மூன்று பேனலைத் தொடராக இணைத்து 150 வோல்ட் கன்ட்ரோலரில் மாட்டியிருந்தேன். ஒவ்வொன்றும் 48 வோல்ட், மொத்தம் 144 தான். குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் கன்ட்ரோலர் செத்துவிட்டது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: 48 என்பது செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது. குளிரக் குளிர மின்னழுத்தம் ஏறும், டிகிரிக்கு 0.3 சதவீதம் சுமார். பத்து டிகிரிக் குளிர் என்றால் 15 டிகிரி இறக்கம், 4.5 சதவீதம் ஏற்றம்; 144 என்பது 150.5 ஆகிவிட்டது. சூரியன் எட்டிப்பார்க்கும் அந்தக் காலை வேளையில் பேனல் இன்னும் குளிர்ந்தே இருக்கும், கன்ட்ரோலரும் இழுக்கத் தொடங்கியிருக்காது. உச்சம் அப்போதுதான். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் கூடுதல் ஆம்பியரை வேண்டாம் என்று ஒதுக்கும், கூடுதல் வோல்ட்டை ஒதுக்க அதற்கு வழியில்லை. இரண்டு தொடராக வைத்து, அப்படிப்பட்ட வரிசைகளை இணையாகக் கட்டுங்கள். மாட்டும் முன் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் அளந்து, வோல்ட் சமமா, + − சரியா என்று பாருங்கள்; ஒயர் இரண்டும் கறுப்பாகவே வரும், நிறத்தை நம்ப முடியாது. மீட்டரின் சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்ட் அளக்கப் போனால் மீட்டரே ஷார்ட் ஆகும். பேனலில் ஃப்யூஸ் தப்பும், பேட்டரியில் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

கேள்வி: லித்தியம் பேட்டரி ஒரு நாள் முழுவதும் மழையில் தீர்ந்துபோனது. மறுநாள் வெயில் அடித்தும் கன்ட்ரோலர் திரை எரியவில்லை. பேட்டரி முனையில் 0 வோல்ட். பேட்டரி போய்விட்டதா?

பதில்: போகவில்லை. உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் செல்களைக் காப்பாற்றக் கதவைச் சாத்திக்கொண்டது. முதல் கேள்வியில் சொன்ன நிலைமை இப்போது யாரும் எதையும் கழற்றாமலே வந்துவிட்டது பாருங்கள்: பேனல் இருக்கிறது, பேட்டரி ‘இல்லை’. உடனே பேனல் ஐசொலேட்டரை ஆஃப் செய்யுங்கள், லோடுகளையும் எடுங்கள். லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள சார்ஜரை முனையில் கொடுத்தால் பி.எம்.எஸ். திறக்கும். 12 வோல்ட் கண்டபின் வழக்கமான வரிசையில் கன்ட்ரோலர், பேனல். இனி நடக்காமலிருக்க, இன்வெர்ட்டரின் குறைந்த மின்னழுத்த வெட்டை 12 வோல்ட்டில் வையுங்கள், பி.எம்.எஸ். சாத்துவதற்கு வெகுமுன்பே இன்வெர்ட்டர் நின்றுவிடும்.

கேள்வி: இன்வெர்ட்டருக்குப் போகும் லக் ஒன்று நீலம் பாய்ந்திருக்கிறது, அருகே ஒயரின் தோல் சுருங்கியிருக்கிறது. ஃப்யூஸ் போகவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். அது லூஸ் கனெக்ஷன். அந்த இடத்தில் 10 மில்லி ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியர் ஓடும்போது 100 வாட் சூடு, ஒரு பெரிய சால்டரிங் அயர்ன் மாதிரி. மின்னோட்டம் அதிகமாகவில்லை என்பதால் ஃப்யூஸுக்கு இது தெரியவே தெரியாது. எல்லாவற்றையும் வரிசைப்படி ஆஃப் செய்து, லக்கை வெட்டி, ஹைட்ராலிக் கிரிம்பரில் புதியது அமுக்குங்கள். ஒயர் நுனியில் ஈயம் வைத்துத் திருகுக்கடியில் கொடுக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி மறுபடியும் தளரும். போல்ட்டில் லக்கும் பேட்டரி முனையும் நேராகத் தொட வேண்டும், வாஷர் மேலே. நடுவில் வாஷர் வைத்து மாட்டியதுதான் பல இடங்களில் இந்த நீலத்துக்குக் காரணம்.

கேள்வி: நான்கு மாதம் பூட்டிவிட்டுப் போகிறோம். எல்லாவற்றையும் கழற்றி வைக்கட்டுமா?

பதில்: லெட்-ஆசிட் என்றால் கழற்றாதீர்கள். சும்மா கிடந்தால் தானாக இறங்கி, தகட்டில் சல்பேட் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரைக் குறி வரை நிரப்பி, இன்வெர்ட்டரையும் எல்லா லோடுகளையும் துண்டித்து, பேனலும் கன்ட்ரோலரும் அவற்றின் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிடுங்கள். லித்தியத்துக்கு இது தலைகீழ்: பாதிக்குச் சற்று மேல் சார்ஜில் நிறுத்தி, லோடு, பேனல், பேட்டரி என்று முழுவதும் கழற்றுங்கள். பிரித்த எம்.சி.4 வாய்களுக்கு மூடி போடுங்கள், மழைநீர் புகுந்தால் உள்ளே பச்சை பூக்கும். திரும்பி வந்ததும் லெட்-ஆசிட் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால், இன்வெர்ட்டரை மாட்டாமல் ஒரு முழு நாள் வெயிலில் ஏறவிடுங்கள்.